கல் எந்தக் கரையிலிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. கோடையில் வற்றிக் கிடக்கும் காரைப் பக்கத்து ஓடையில் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் பொறுக்கி வந்த சின்னஞ்சிறு கற்களை வெள்ளைத்தாள்மேல் வைத்து, 1 முதல் 9 வரை எண் எழுதி, பக்கத்தில் அளவுகோலையும் வைத்துப் படமெடுத்திருக்கிறீர்கள். அளவு தெரியாத படத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. அந்த அளவுகோலுக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெரம்பலூர், அரியலூர், லால்குடிப் பக்கத்து வாசகர்கள் பலரும் இதே கேள்வியைக் கேட்பதால், உங்கள் சம்மதத்தோடு பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

“இவை என்ன?” என்று கேட்டிருக்கிறீர்கள். செல்போன் செயலியில் படத்தைக் காட்டினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வரத்தான் செய்யும். செயலி வடிவத்தை மட்டும் பார்க்கிறது. கல் எங்கே கிடந்தது என்பது அதற்குத் தெரியாது. உங்கள் மாவட்டத்துக் கல்லுக்கு இங்கிலாந்துக் கடற்கரைக் கல்லின் பெயரைச் சூட்டினால் அது எவ்வளவு நீளமான லத்தீன் பெயராக இருந்தாலும் பயனில்லை. அதனால் நான் முதலில் உங்களிடம் கேட்பது வேறு: இந்தக் கற்கள் எங்கே கிடந்தன? ‘ஓடையில்’ என்ற பதில் போதாது. எந்த வளைவில், எந்தக் கரையோரம், மணலின் மேலா, களிமண்ணில் பாதி புதைந்தா, பாலத்துக்கு மேற்கிலா கிழக்கிலா? உங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு இருக்கும் மதிப்பு தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உங்களுக்கு மேற்கே பச்சைமலையும் அதன் அடிவாரத்தில் மிகப் பழைய கருங்கல் பாறைகளும் இருக்கின்றன. அவற்றில் தொல்லுயிர் எச்சம் கிடைக்காது. அந்தப் பாறைகளின் கிழக்கு ஓரத்தில்தான் கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் வந்து நின்றது. வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் சிப்பியும் படிந்து அடுக்கு அடுக்காக இறுகின. அந்த அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருப்பதால், மேற்கே பழையதும் கிழக்கே போகப் போகப் புதியதுமாக மேற்பரப்பில் தலைகாட்டுகின்றன. ஊட்டத்தூர், காரைப் பக்கத்துக் களிமண் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமை உடையது. கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல் சுமார் 9 கோடி. அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுமார் 7 கோடி. இன்னும் கிழக்கே கல்லமேட்டு மணற்கல், டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுக்குச் சற்று முந்தியது. அதையும் தாண்டி நின்னியூர்ப் பக்கம் போனால் டைனோசர்கள் மறைந்தபின் படிந்த கடற்பாறை. காலையில் டவுன் பஸ் ஏறினால் மதியத்துக்குள் இத்தனையையும் கடந்துவிடலாம். உலகத்தில் இப்படி நெருக்கமாக, இவ்வளவு செழிப்பாகக் கிடைக்கும் இடங்கள் குறைவு.

இப்போது ஓடைக்கு வருவோம். உங்கள் பக்கத்து ஓடைகளும் மருதையாறும் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகத்தான் ஓடுகின்றன. அதாவது பழைய பாறையிலிருந்து புதிய பாறைக்கு. அதனால் கிழக்கே ஒரு ஓடை மணலில் 10 கோடி ஆண்டுக் கல்லும் 7 கோடி ஆண்டுக் கல்லும் கலந்து கிடக்கலாம். இரண்டும் ஒரே கடலில் வாழ்ந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் மறுதிசையில் அப்படி நடக்காது. கிழக்குப் பாறையின் கல்லை எந்த வெள்ளமும் மேற்கே காரைக்குக் கொண்டு வராது. இந்த ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஒன்பது கற்களையும் பார்க்கலாம்.

கல் எவ்வளவு தூரம் உருண்டு வந்தது என்பதை அதன் மேனியே சொல்லும். உங்கள் 1, 2, 3 எண் கற்களைப் பாருங்கள். நீண்டு, உருண்டு, ஒரு முனை கூராக, பழுப்பும் தேன்நிறமுமாக இருக்கின்றன. பிள்ளைகள் இவற்றைத் துப்பாக்கித் தோட்டா என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வடிவத்துக்குப் பொருத்தமான பெயர்தான். இவை பெலம்னைட்டுகள். 1, 2 இரண்டிலும் உடைந்த விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கிறது, மேற்பரப்பு வழுவழுப்பாக ஒளிர்கிறது. இவை கரையிலிருந்து கழன்று நெடுநாள் ஆகவில்லை. 3 மழுங்கித் தேய்ந்து மணல் கீறிய தடங்களோடு இருக்கிறது. அது இன்னும் மேலிருந்து வந்திருக்கும், அல்லது பல மழைக்காலங்களைப் பார்த்திருக்கும்.

பெலம்னைட் என்பது கணவாயின் மிகப் பழைய உறவு. சித்த மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று விற்கும் கணவாய் ஓட்டைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் காட்டுங்கள். கணவாயின் உடலுக்குள் இருக்கும் ஓடு அது. பெலம்னைட்டின் உடலுக்குள்ளும், பின்புறத்தில், இப்படி ஓர் ஓடு இருந்தது. ஆனால் அதன் நுனி மட்டும் கெட்டியான கால்சைட்டால் ஆனது. மென்மையான உடல் அழுகிப் போக, அந்தக் கெட்டியான நுனி மட்டும் சேற்றில் தங்கிவிட்டது. உங்கள் கையில் இருப்பது அந்தப் பகுதிதான். இதை உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. குறுக்கே உடைந்த ஒன்றை எடுத்து, உடைந்த முகத்தைத் தண்ணீரில் நனைத்து, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்லிய படிக ஊசிகள் சுற்றிலும் விரிந்திருக்கும். அவற்றுக்குக் குறுக்கே வளர்ச்சி வளையங்கள் தெரியும். பருத்த முனையில் கூம்பு வடிவக் குழி இருந்தால் அது இன்னும் நல்ல அடையாளம். இவ்வளவும் இருந்தால் அது வேறெதுவாகவும் இருக்க முடியாது. கூழாங்கல்லிலோ சுக்கான்கல்லிலோ அந்த அமைப்பு வராது.

லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் லென்ஸைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்துத் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, கல்லை அதன் அருகே கொண்டுவரச் சொல்லுங்கள். காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது பாருங்கள். உச்சிவெயிலில் நிழல் விழாது, வரிகளும் மேடுபள்ளங்களும் கண்ணுக்குத் தப்பிவிடும். படம் எடுக்கும்போதும் அப்படித்தான்.

பெலம்னைட்டைக் காரைக் களிமண் மேட்டில் நடந்தால் காலடியிலேயே பார்க்கலாம். மழை அரித்து அரித்துப் பள்ளமும் முகடுமாகிவிட்ட அந்த நிலத்தைப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். களிமண் கரைந்து போகிறது, கெட்டியானவை மேலே தங்குகின்றன. அங்கே பளபளக்கும் தகடுகளாகவும் நரம்புகளாகவும் கிடப்பது ஜிப்சம். அதைத் தொல்லுயிர் எச்சம் என்று கொண்டு வருவார்கள். நகத்தால் கீறினாலே ஜிப்சத்தில் கோடு விழும். பெலம்னைட்டின் கால்சைட்டை நகம் ஒன்றும் செய்யாது, இரும்பாணிதான் கீறும். எலுமிச்சைச் சாற்றைச் சொட்டிப் பார்ப்பதும் உண்டு. கால்சைட் பொடியில் சிறு குமிழ்கள் எழும், ஜிப்சத்தில் எழாது. ஆனால் இதை உதிரித் துண்டில் மட்டும் செய்யுங்கள். நல்ல மாதிரியில் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

4-ஆம் எண். சுருண்டு தட்டையாக, சட்டைப் பொத்தான் அளவு. செயலி இதைத்தான் அம்மோனைட், அதாவது சுருள் ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிரி, என்று சொல்லியிருக்கிறது. எனக்கு இது குழாய்ப்புழுவின் கூடு என்று தோன்றுகிறது. கடலடியில் வாழ்ந்த புழு தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பால் கட்டிக்கொண்ட குழாய் இது. காரைக் களிமண்ணில் இவை ஏராளம். உடைந்த இடத்தைப் பாருங்கள். வெறும் குழாயாக, உள்ளே தடுப்பு எதுவும் இல்லாமல் இருந்தால் புழுதான். அம்மோனைட்டின் ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள் இருக்கும். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு புழு தன் உடலைக் காத்துக்கொள்ளக் கட்டிய கூடு இவ்வளவு ஒழுங்கான சுருளாக நம் கைக்கு வந்திருக்கிறது என்றால், அதைச் சாதாரணம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அம்மோனைட் உங்களிடம் இருக்கிறது. அதுதான் 5. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, உங்கள் கடிதத்திலும் ‘வளைந்த கல்’ என்றுதான் இருக்கிறது. இரண்டு அங்குல நீளத்தில், லேசாக வளைந்து, மேலே விலா எலும்புபோன்ற வரம்புகளோடு இருக்கும் அந்தத் துண்டின் உட்புற வளைவை உற்றுப் பாருங்கள். படத்தின் இடது ஓரத்தில், வளைந்து கிளைத்து மறுபடி கிளைத்து ஓடும் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. உள்தடுப்புச் சுவர் வெளி ஓட்டோடு ஒட்டிய தையல் அது. ஓடு கரைந்து போய், உள்ளே நிறைந்த சேறு மட்டும் கல்லாகி நின்றால்தான் இந்தக் கோடு வெளியே தெரியும். ஆகவே உங்களிடம் இருப்பது ஓடு இல்லை, ஓட்டுக்குள் நிறைந்ததன் வார்ப்பு. ஓடையில் கிடைக்கும் சுருள்களிலும் சிப்பிகளிலும் பாதிக்குமேல் இப்படிப்பட்ட உள்வார்ப்புகள்தான். ‘இதில் சிப்பி எங்கே, வெறும் கல்தானே’ என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

இந்தத் தையற்கோடு எவ்வளவு உதவும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஊட்டத்தூர்ப் பாறைகளில் டரிலைட்டஸ் என்று ஒரு வகை உண்டு. தட்டையாகச் சுருளாமல் கூம்பாகத் திருகி ஏறும். பார்த்தால் யாரும் நத்தை என்றே சொல்வார்கள். கிளைத்தோடும் தையல் தெரிந்துவிட்டால் அது அம்மோனைட் என்பதில் சந்தேகம் இல்லை. நத்தை ஓட்டில் அறைகள் கிடையாது. அறைகள் உள்ள சுருள் ஓட்டுக் கடல் உயிரியான நாட்டிலஸின் தடுப்புச் சுவர் எளிய வளைவாக முடிந்துவிடும், கிளைக்காது. வெளி வடிவம் ஏமாற்றும் இடத்தில் இந்தக் கோடு ஏமாற்றுவதில்லை.

6-ஆம் கல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மஞ்சள் கலந்த சுண்ணாம்புக்கல், தடித்து வளைந்த சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடக்கின்றன. கிரைஃபியா என்ற பழைய சிப்பி வகையாகத் தெரிகிறது. கல்லின் நிறத்தையும் சிப்பி அடைந்திருக்கும் விதத்தையும் பார்த்தால் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் போலவே இருக்கிறது. ஆனால் கல்லங்குறிச்சி உங்களுக்குக் கிழக்கே, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. ஓடை இதைக் கொண்டு வந்திருக்க முடியாது. உங்கள் கடிதத்தில் ‘ரோட்டுப் பாலத்துக்குக் கீழே’ என்று ஒரு வரி இருந்தது நினைவிருக்கிறதா? சுண்ணாம்புக்கல் ஏற்றி சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் லாரிகள் எத்தனை உங்கள் மாவட்டச் சாலைகளில் ஓடுகின்றன! பாலத்துக்கும் சாலைக்கும் கொட்டிய கல்லிலும் இது வந்திருக்கலாம். கல் உண்மையானது, சிப்பியும் உண்மையானது. ஆனால் உங்கள் ஓடையின் கதையில் அதற்கு இடமில்லை. தனி உறையில் போட்டு, ‘பாலத்தடியில் கிடந்தது, லாரியில் வந்திருக்கலாம்’ என்று எழுதி வையுங்கள். இப்படி எழுதாமல் விட்டால், நாளை யாராவது காரையில் 7 கோடி ஆண்டுப் பாறை இருப்பதாக முடிவு கட்டிவிடுவார்கள்.

சீட்டு எழுதுவதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இந்த நிலத்தின் ஆய்வு வரலாறுதான். 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேர்த்த எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்து வெளியிட்டார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த நிலம் முழுதும் நடந்து அடுக்குகளைப் பிரித்து, 1862-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை வெளியீடாக அறிக்கை எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குத் தொகுதிகளுக்கு அவர் காலத்தில் அமைந்த பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அந்தச் சேகரிப்பை ஒவ்வொன்றாக எடுத்து வரைந்து, விவரித்து, பெயரிட்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்தவர், இந்தியாவுக்கு வந்து பத்துப் பதினோரு ஆண்டுகளில் நான்கு பெருந்தொகுதிகளை முடித்தார். 1874-இல், மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். வயது 36 தான். தென்னிந்தியச் சிப்பிகளைப் பற்றிப் பேசும் எவரும் இன்றைக்கும் அவர் நூலைத் திறக்காமல் இருக்க முடியாது. அதற்குக் காரணம் அவர் சூட்டிய பெயர்கள் மட்டுமல்ல. பெயர்களில் பல பிறகு மாறிவிட்டன. எந்த ஊர், எந்த அடுக்கு என்ற குறிப்பு கூடவே இருப்பதால்தான் மாறிய பெயரையும் பழைய கல்லோடு பொருத்திப் பார்க்க முடிகிறது.

7-க்கு வருகிறேன். உருண்டையாக, கையடக்கமாக, கறுத்த பழுப்பு நிறத்தில் இருக்கிறது. ‘டைனோசர் முட்டையா?’ என்று ஒரு மாணவன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவன் கேட்டது நியாயம். 2020-இல் உங்கள் மாவட்டத்திலேயே குன்னத்தில் குளம் வெட்டியபோது பெரிய பெரிய உருண்டைகள் வெளிவந்து, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. நிலவியலாளர்கள் நேரில் பார்த்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் போன்ற கடல் உயிரிகளைச் சுற்றிப் படிவு இறுகிய உருண்டைகள் என்றார்கள். கடலடிச் சேற்றில் ஒரு சிப்பியையோ எலும்புத் துண்டையோ மையமாக வைத்துத் தாதுக்கள் திரண்டு இப்படி இறுகுவது சகஜம். உங்கள் கல், ஊட்டத்தூர்ப் பகுதியில் அறியப்பட்டிருக்கும் பாஸ்பேட் உருண்டைகளில் ஒன்றாக இருக்கலாம். முட்டை என்றால் மெல்லிய ஓடு தனி அடுக்காகத் தெரியும். ஓட்டின் மேல் நுண்துளைகள் இருக்கும். மேலும் காரைக் களிமண் கடலடியில் படிந்தது. கடலடிச் சேற்றில் டைனோசர் முட்டையிடாது. இங்கேயும் பாருங்கள், ‘எங்கே’ என்ற கேள்வியே பாதிப் பதிலைத் தந்துவிடுகிறது. உடைத்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். மாணவனிடம் சுத்தியலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இதோடு சேர்த்து, பிள்ளைகள் இனிக் கொண்டு வரக்கூடிய சில போலிகளையும் சொல்லிவிடுகிறேன். சுக்கான்கல் வேர்களைச் சுற்றிப் படிந்து குழாயாகவும் விரலாகவும் கிடக்கும். எலும்பு என்று ஏமாறுவார்கள். உடைந்த முகத்தில் எலும்புக்குரிய நுண்ணறைகள் இருக்காது, மண்ணும் சுண்ணாம்பும் கலந்த மங்கல்தான் இருக்கும். பாறைப் பிளவில் செடி படர்ந்ததுபோல் கருப்பாகக் காணும் படம் பெரும்பாலும் மாங்கனீசுக் கறை. ஓடையில் இன்று வாழும் நத்தை, மட்டிகளின் ஓடுகளும் கலந்து கிடக்கும். அவை லேசாக, உள்ளே வெற்றாக இருக்கும். கல்லான மரம் கிடைத்தால் மகிழ்ச்சி. உங்களுக்குப் பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டருக்கு நீண்டு கிடக்கும் கல்மரத்தை எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்தார். நிலத்திலிருந்து அடித்து வரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்த மரம். அந்தக் கடலில் மிதந்த மரங்களில் சிலவற்றைக் கப்பற்புழு துளைத்த தடமும் கல்லாகி நிற்கிறது. ஆனால் சாத்தனூர் தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, எடுக்க விடவும் கூடாது.

8-ஐப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விரல்நகத்தில் பாதி. முக்கோணம். மேல்பகுதி பளபளக்கிறது, அடிப்பகுதி மங்கலாகச் சொரசொரப்பாக இருக்கிறது. சுறாப் பல். பளபளப்பு பல்லின் மேல்மினுக்கு, மங்கல் அதன் வேர். சுறா வாழ்நாள் முழுதும் பல்லை உதிர்த்துக்கொண்டே இருக்கும் என்பதால், எலும்புக்கூடு கிடைக்காத கடலிலும் பல் கிடைக்கும். காரைக் களிமண்ணிலிருந்து சுறா, திருக்கை வகைகள் பல விவரிக்கப்பட்டிருக்கின்றன. சிப்பியை நசுக்கித் தின்னும் டைகோடஸ் என்ற சுறாவின் பல்லும் அவற்றில் உண்டு. அந்தப் பல் முக்கோணமாக இருக்காது. தட்டையாக, மேலே வரிவரியாக மேடிட்டிருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் கல் என்று விட்டுவிடுவார்கள். பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

சிறியவற்றைத் தேடுவதற்கு வெயிலில் ஓடை முழுதும் அலைய வேண்டியதில்லை. கரையடியில் கரைந்து விழுந்த களிமண்ணை ஒரு பை எடுத்து, நன்றாகக் காயவைத்து, பிறகு தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த களிமண் தானே பிரியும். மெல்லிய சல்லடையில் ஊற்றி அலசி, மிஞ்சியதை உலர்த்தி, லென்ஸில் பாருங்கள். பல், மீன் எலும்பு, கடல் முள்ளெலியின் முள், ஒற்றைச் செல் உயிரியான ஃபொராமினிஃபெரா எல்லாம் அதில்தான் இருக்கும். கல்லமேட்டிலிருந்து 2013-இல் விவரிக்கப்பட்ட ஒரு சிறிய பல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ட்ரூடோன்டிட் என்ற சிறு டைனோசர் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அதை அடையாளம் கண்டார்கள். வடகண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த குடும்பம் அது. ஒரே ஒரு பல், இந்தியாவின் பழைய உயிரினங்களைப் பற்றிய பெரிய கேள்வி ஒன்றைத் திறந்துவிட்டது.

அதே கல்லமேட்டில் கிடைத்த பெரிய எலும்புகளுக்கு நேர்ந்தது வேறு. 1987-இல் பிருஹத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட விலங்கின் கால் எலும்பு இரண்டு மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி என்று எழுதினார்கள். பிறகு நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்றார்கள். எலும்பே அல்ல, கல்மரம் என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. மறுபடி எடுத்துப் பார்த்து முடிவு செய்ய இன்று அந்த எலும்பு இல்லை. மழைக்கால ஈரத்தில் நொறுங்கிப் போய்விட்டது. மிஞ்சியவை வரைபடங்களும் சில படங்களும்தான். உலகின் மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடியது பற்றிய வாதத்தை இப்போது காகிதத்தை வைத்துத்தான் நடத்த வேண்டியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன்: கரையில் எலும்பு புதைந்து தெரிந்தால் பிள்ளைகள் தோண்ட வேண்டாம். காரைக் கரைகள் சரியும் என்பதும் ஒரு காரணம். படமெடுத்து, செல்போனில் இடத்தைக் குறித்து, தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். திருச்சி நேஷனல் கல்லூரியில் நிலவியல் துறை இருக்கிறது. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள். படத்தில் பார்ப்பதும் பெயர்ச்சீட்டோடு கண்முன் பார்ப்பதும் ஒன்றல்ல.

ஓடை மணலில் உதிரியாகக் கிடந்தவற்றை வைத்துக்கொள்ளும் முறை: பல் துலக்கும் பழைய பிரஷும் தண்ணீரும் போதும். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்க வேண்டாம், வார்னிஷ் வேண்டாம், உடைந்ததை ஒட்ட அவசரப்பட வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு உறையில் போட்டு, உள்ளே ஒரு சீட்டு வையுங்கள். எண், தேதி, ஓடையின் எந்த இடம், மணலிலா களிமண்ணிலா, யார் எடுத்தது. பெயர் எழுதும் இடத்தில் தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதச் சொல்லுங்கள். ‘பெலம்னைட்’ போதும். ‘அம்மோனைட், உள்வார்ப்புத் துண்டு’ போதும். இனப் பெயர்வரை போக வேண்டுமானால் முழு மாதிரியும், ஸ்டோலிச்காவின் தொகுதியும், பழகிய கண்ணும் வேண்டும். பெயரைப் பிற்பாடு யாரும் திருத்தலாம். இடத்தை எழுதாமல் விட்டால் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக 9. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், நடுவே குழிந்திருக்கிறது. மறுபக்கமும் குழிந்திருந்தால் அது ஒரு முதுகெலும்பு. சுறாவுக்கும் மற்ற மீன்களுக்கும் அப்படி இருக்கும். இக்தியோசர் என்ற கடல் ஊர்வனவுக்கும் அப்படியே இருக்கும். உங்கள் ஊட்டத்தூர்ப் பாறையிலிருந்து கிடைத்த இத்தகைய முதுகெலும்புகளை வைத்துத்தான் ரிச்சர்ட் லிடெக்கர் 1879-இல் ஓர் இக்தியோசர் இனத்தை விவரித்தார். உங்களுடையது மீன் என்றே வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரே ஒரு முகத்தைக் காட்டும் படத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். இன்னும் நான்கு படங்கள் அனுப்புங்கள்: மறுமுகம் ஒன்று, விளிம்பைச் சுற்றி மூன்று பக்கங்களிலிருந்து, சாய்வெயிலில், அளவுகோலோடு. விளிம்பில் எலும்பு நுரைநுரையாக, நுண்துளைகளோடு இருக்கிறதா, விலா எலும்பு பொருந்தும் முகடுகள் துருத்தி நிற்கின்றனவா, அல்லது குழிகள்தானா என்று லென்ஸால் பார்த்து எழுதுங்கள். அதை எடுத்த பிள்ளையை அழைத்துக்கொண்டு போய், அடுத்த மழை வருவதற்குள், கிடந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேல்நோக்கி இரண்டு கரைகளையும் பார்த்து வாருங்கள். தோண்ட வேண்டாம், பார்த்தால் போதும். கல்லைத் தபாலில் அனுப்பாதீர்கள், வழியில் உடையும். படங்கள் வந்ததும் எழுதுகிறேன். மீன் என்றால் நானே சொல்லிவிடுவேன். அதற்கு மேல் என்று தோன்றினால், யாரிடம் நேரில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்.